பேழையில் டைனோசர் எந்த மாடி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘டார்வினின் பரிணாமத்தைச் சொல்லித்தருகிற பள்ளிகள் வேதம் சொல்லும் படைப்பையும் சேர்த்துச் சொல்லித்தரட்டும், பிள்ளைகளே முடிவு செய்துகொள்ளட்டும்’ என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் பெங்களூரில் முப்பத்தொரு வருடம் உயிரியல் நடத்தி ஓய்வுபெற்றவள். அதைவிடக் கூடுதல் வருடங்களாக எங்கள் தமிழ்ச் சபையில் சண்டே ஸ்கூல் எடுத்துவருகிறவள். இரண்டு கரும்பலகையிலும் எழுதிய கை என்பதால் பதில் எழுதத் தோன்றியது.

இந்த மே மாதம் எங்கள் சபையில் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடந்தபோது வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். நல்ல குரல், பிள்ளைகளைச் சிரிக்கவைக்கத் தெரிந்தவர். குரங்குப் படம் ஒன்றைத் தூக்கிக் காட்டி, “இது யாரோட தாத்தா? கை தூக்குங்க!” என்றார். கூடமே சிரித்தது. பூமிக்கு வயது ஆறாயிரம் வருடம், டைனோசர் எல்லாம் நோவா பேழை கட்டித் தப்பித்த ஜலப்பிரளயத்தில் அழிந்தவை என்று முடித்தார். பின்வரிசையிலிருந்து நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். “நோவா எல்லாத்துலயும் ஒரு ஜோடி ஏத்துனாருன்னு சொன்னீங்க. அப்ப டைனோசரையும் ஏத்தியிருப்பாருல்ல? பேழையில மூணு மாடி. அது எந்த மாடி?” பிரசங்கியார், “கண்களை மூடி ஜெபிப்போம்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவனோடு இன்னும் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு லால்பாக் தோட்டத்துக்குப் போனேன். அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் மாறினோம். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைமேல் தினமும் எத்தனையோ பேர் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்று சொல்லும் பலகையை நின்று படிக்கிறவர்கள் குறைவு. வயது சுமார் 300 கோடி ஆண்டு. கறுப்பும் வெளுப்புமாக வரி ஓடுகிற கல். பையன் உள்ளங்கையை வைத்துவிட்டு, “சுடுது டீச்சர்” என்றான். பிரசங்கியார் சொன்ன ஆறாயிரத்துக்கு மூன்று பூஜ்யம், இந்தப் பாறைக்கு ஒன்பது பூஜ்யம். உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காயைக் கடித்தபடி, எச்சில் விரலால் பாறையிலேயே எழுதி எண்ணிப் பார்த்தார்கள்.

அதே தோட்டத்தில் கல்மரம் ஒன்றும் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலிருந்து வந்தது. வயது சுமார் 2 கோடி ஆண்டு. பார்த்தால் மரம், தட்டினால் கல். மண்ணில் புதைந்த மரத்துக்குள் நீரோடு ஊறிப்போன சிலிக்கா, நார் நாராக மரம் இருந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது என்று விளக்கினேன். ஒருத்திக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. திருவக்கரை அவள் பாட்டி ஊருக்குப் பக்கமாம். “எங்க ஊரு மரம்” என்று திரும்புகிற வழியெல்லாம் அதே பேச்சு.

வாசகரின் யோசனைக்கு வருகிறேன். அது புதிதல்ல. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 1981-இல் இதையே சட்டமாகப் போட்டார்கள்: பரிணாமத்தைச் சொன்னால் ‘படைப்பு விஞ்ஞான’த்தையும் சரிசமமாகச் சொல்லவேண்டும். வழக்குப் போட்டது யார் தெரியுமா? நாத்திகர் சங்கம் அல்ல. வழக்கின் பெயரிலேயே இருப்பவர் ஒரு போதகர். அவரோடு மெதடிஸ்ட், எபிஸ்கோப்பல், கத்தோலிக்க ஆயர்களும் நின்றார்கள். எங்கள் விசுவாசத்தை விஞ்ஞானம் என்று பெயர்மாற்றி விற்காதீர்கள் என்பதுதான் அவர்கள் மனக்குறை என்று நான் புரிந்துகொள்கிறேன். 1982 ஜனவரியில் சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. லூசியானா மாநிலத்தின் இதே மாதிரிச் சட்டத்தை 1987-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமே ரத்து செய்தது. பரிணாமம் நடத்தியதற்காக 1925-இல் ஓர் ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் போட்ட நாடு அது என்பதையும் மறக்கவேண்டாம்.

நம் ஊர்ச் சங்கடம் வேறு. சமமாக நடத்துவதற்கு முதலில் ஒன்றையாவது நடத்தவேண்டுமே! சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடத்துகிற, என்.சி.இ.ஆர்.டி. என்ற மத்திய அமைப்பு வெளியிடும் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த பாடம் இப்போது ‘மரபு’ மட்டும். கொரோனா காலத்தில் சுமையைக் குறைக்கிறோம் என்று எடுத்தது அப்படியே நின்றுவிட்டது. 2023-இல் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் திரும்பச் சேர்க்கச் சொல்லி எழுதினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, உயிரியல் எடுத்தவனுக்கு.

என் பேரன் சி.பி.எஸ்.இ., பதினொன்றாவது, காமர்ஸ். “டார்வின் யாருடா?” என்று கேட்டேன். “குரங்குலேர்ந்து மனுஷன் வந்தான்னு சொன்ன தாடிக்காரர். தப்புன்னு நிரூபிச்சிட்டாங்களாம் பாட்டி, யூத் மீட்டிங்ல சொன்னாங்க.” முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தியவளின் வீட்டிலேயே இந்த லட்சணம். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் இருக்கும் என் தங்கை பேத்தி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்கிறாள். அவளுடைய பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று முழுப் பாடமே இருக்கிறது. அவள் சபையில் ஏதாவது கேட்டால் பள்ளியில் படித்ததோடு ஒத்துப்பார்ப்பாள். இவனுக்கு ஒத்துப்பார்க்க எதுவும் இல்லை. டார்வின் பெயரை என் பேரன் கேட்ட ஒரே இடம் சபை, அதுவும் எதிரியின் பெயராக. வாசகர் சொல்கிற ‘பிள்ளைகளே முடிவு செய்யட்டும்’ இவனுக்கு எப்படிப் பொருந்தும்?

இதில் ஒரு வேடிக்கை. குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை என்று 2018-இல் மத்திய இணையமைச்சர் ஒருவர் பேசினார். எங்கள் பெங்களூரிலிருக்கும் அகாடமி உட்பட நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. அவர் கிறிஸ்தவர் அல்ல. வேறு எதிலும் ஒத்துப்போகாத அவரும் எங்கள் வி.பி.எஸ். பிரசங்கியாரும் இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அச்சு அசல் ஒன்று. குரங்கு நம் தாத்தா என்று டார்வின் சொல்லவில்லை ஐயா. மனிதக்குரங்கு நமக்குப் பங்காளி. பொதுவான முன்னோர் ஒருவர், வெகு காலத்துக்கு முன் பாகம் பிரிந்த குடும்பம். பாகம் பிரிவது என்றால் தமிழ்க் குடும்பத்துக்குச் சொல்லியா தரவேண்டும்?

யாரும் பார்த்ததில்லை என்பதும் சரியில்லை. நான் வேலைபார்த்த பள்ளியில் ஓர் ஆயா இருந்தார். டி.பி. வந்து, மாத்திரை தின்ற இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மருந்தை நிறுத்திவிட்டார். அதற்குள் செத்தது பலவீனமான கிருமி. மருந்தைத் தாங்கிய சில கிருமிகள் மிஞ்சிப் பெருகின. மறுபடி படுத்தபோது பழைய மருந்து கேட்கவில்லை. ஆறு மாதம் முடி, முடி என்று டாக்டர்கள் கெஞ்சுவது இதனால்தான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துகிற பிள்ளைக்கும் இது தெரியவேண்டாமா?

விசுவாசம் போய்விடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு: வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் சூரியன் உண்டாவது நான்காம் நாள். அதற்கு முன்னே மூன்று சாயங்காலமும் மூன்று விடியற்காலமும் வந்துவிடுகின்றன. அது இருபத்துநாலு மணி நேர நாள்தானா என்று ஆதிகாலச் சபை பிதாக்களே யோசித்திருக்கிறார்கள். வானத்தையும் பூமியையும் பற்றி விவரம் தெரிந்த புறமதத்தார் முன்னால் கிறிஸ்தவன் வேதத்தின் பேரில் உளறினால் வெட்கக்கேடு என்று சுமார் 1,600 வருடங்களுக்கு முன்பே அந்தப் பிதாக்களில் ஒருவரான அகுஸ்தீன் கடிந்துகொண்டார். டார்வின் பிறக்க இன்னும் 1,400 வருடம் இருந்தது. நான் ஆதியாகமம் நடத்தும்போது யார் படைத்தார், ஏன் படைத்தார் என்று கேட்கிறேன். எத்தனை நாளில், எந்த வரிசையில் என்பதை லால்பாக் பாறையிடம் விட்டுவிடுகிறேன். ஒரு ஞாயிறுகூட எனக்குப் பாட்டு தடுமாறியதில்லை.

பத்தாம் வகுப்புப் பாடத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிப் பெற்றோர் எழுதவேண்டும். அது வரும்வரை சபைகள், டார்வினைத் திட்டுவதற்கு முன் பிள்ளைகளை ஒரு தரமாவது அந்தப் பாறைமேல் உட்காரவைக்கட்டும்.

லால்பாக் போனதைக் கேள்விப்பட்டு எங்கள் ஐயர் (திருநெல்வேலிக்காரர்கள் நாங்கள் போதகரை அப்படித்தான் அழைப்போம்) கூப்பிட்டனுப்பினார். திட்டு விழும் என்று போனேன். “அடுத்த தடவை போகும்போது சொல்லுங்க டீச்சர், நானும் வர்றேன்” என்றார். கமிட்டியில் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால் பெயரை வெளியிட வேண்டாம். எழுதியது யார் என்று அவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
பிரேசர் டவுன், பெங்களூரு.