29சி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதறது. நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். ஆயாவுக்கு முட்டி வலி அப்படியேதான். போன்ல சொல்லாம எதுக்கு இந்தக் காலத்துல கடுதாசின்னு கேப்ப. போன்ல நான் ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள “ஓகேப்பா, மீட்டிங் இருக்குப்பா”ன்னு வெச்சிடற. கடுதாசியை அப்படி நடுவுல வெட்ட முடியாதில்ல.

முதல்ல ஒரு விஷயம். இந்த மாசமும் ஒண்ணாந்தேதி பணம் வந்துச்சு. வேணாம்மா. எனக்கு பென்ஷன் வருது, மருந்து மாத்திரை ரயில்வே ஆஸ்பத்திரியில ஆகுது. போன மாசம் நீ அனுப்பினது, அதுக்கு முந்தின மாசம் அனுப்பினது எல்லாம் பேங்க்ல அப்படியே கிடக்கு. நீ அனுப்பலைன்னா இங்க உலை ஏறாம இல்லை.

மழையில பரண் ஒழுகுதுன்னு எல்லாத்தையும் கீழே இறக்கினேன். உன் பிஸ்கட் டப்பா வந்துச்சு. ஒவ்வொரு பொம்மை ஃபைட்டர் பிளேன் கிட்டும் கட்டி முடிச்சதும் மிச்சம் மீதியைப் போட்டு வெப்பியே, அந்த டப்பா. இறக்கை இல்லாத ஜாகுவார் உடம்பு ஒண்ணு, ஹண்டரோட ரெண்டு இறக்கை, மிக்-21 வால், குண்டு, ராக்கெட், பெட்ரோல் டாங்க் ஒரு கைப்பிடி, தலையில்லாத ஒரு பைலட். அடியில உன் அஞ்சாம் கிளாஸ் ரஃப் நோட்டு. அதுல நடுப்பக்கத்துல நீயே இஷ்டத்துக்கு ஒரு பிளேன் வரைஞ்சு வெச்சிருக்கே. ரெண்டு எஞ்சின், பின்னால சாய்ஞ்ச இறக்கை, வால்ல 29சி. பெசன்ட் நகர் பஸ்ஸு நம்பரை ஃபைட்டர் பிளேனுக்குப் போட்ட ஆளு உலகத்துல நீ ஒருத்தியாத்தான் இருப்ப. கீழே ‘பைலட்: நான்’னு இருக்கு. அப்ப ஃபைட்டர் ஓட்ட பொம்பளைங்களையே எடுக்கலை. 2016-ல மூணு பொண்ணுங்க வந்தப்ப நீ எலெக்ட்ரிக் ட்ரெயின்ல இருந்து போன் பண்ணிக் கத்தினியே, பக்கத்துல இருந்தவங்க என்ன நினைச்சாங்களோ.

அந்தப் பிளேனைத்தான் இப்ப கட்டிக்கிட்டிருக்கேன்.

சிரிக்காதே. ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஃபேக்டரியில மரவேலை பார்த்தவன் பிளாஸ்டிக்கைத் தொட்டா என்னன்னு பார்க்கலாமேன்னுதான். உடம்புக்கு ஜாகுவாரை எடுத்தேன். ஏன்னு நீயே சொல்லிடுவ. ஜாகுவாருக்கு சக்கரம் உடம்புக்குள்ளயே மடங்கிப் போகுது, அதனால இறக்கையை மாத்தினாலும் சக்கரத்துக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஹண்டர் இறக்கைதான் படுத்திடுச்சு. அதுல சக்கரக் குழி இருக்கு, அதை அடைக்கணும். காத்து இழுக்கிற வாயும் இறக்கை உடம்போட சேர்ற இடத்திலேயே இருக்கு. ஜாகுவாருக்கு ஏற்கெனவே பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு வாய். நாலு வாய் வெச்ச பிளேன் எந்த நாட்டுல பறக்கும்? அறுத்து எடுத்துட்டு, பிளாஸ்டிக் அட்டை வெச்சு மூடினேன். ஜாகுவார் முதுகுல இறக்கை உட்கார்ற பள்ளத்தையும் அடைச்சு, புதுசை நோட்டுல இருக்கிற மாதிரி கீழே இறக்கி வெச்சேன்.

வெறும் பசையை நம்பலை. சைக்கிள் ஸ்போக் கம்பியை உடம்புக்குள்ள குறுக்கே விட்டு, ரெண்டு இறக்கையையும் அதுல சொருகி ஒட்டினேன். மூலமட்டம் வெச்சுப் பார்த்தா இடது இறக்கை ஒரு நூல் தூக்கல். பிரிச்சு மறுபடி. ஒட்டினா ஒரு நாள் முழுக்கத் தொடாம வெக்கணும்னு நீதான் எனக்குச் சொல்லிக் குடுத்தே, எட்டு வயசுல. நீயே அதைக் கேக்க மாட்டே. காயறதுக்குள்ள கையில எடுத்து ‘டுர்’ருனு ஓட்டுவே. இப்பவும் அந்த அவசரம் உனக்குப் போகலைன்னு நினைக்கிறேன். எதுவா இருந்தாலும் கொஞ்ச நாள் காய விடணும்மா.

இடுக்கு அடைக்க ஃபெவிகுவிக்ல முகப் பவுடரைக் குழைச்சுப் பூசினேன். கல்லு மாதிரி ஆயிடுது, அதுக்குள்ள தேய்ச்சிடணும். 400 நம்பர் வாட்டர் பேப்பர், அப்புறம் 800, அப்புறம் 1000. அம்மா பவுடர் டப்பாவைத் தேடிக்கிட்டிருக்கா. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் செய்யறேன், அந்தப் பசைக் காத்து கண்ணை எரிக்குது. நீ அங்க அறையை மூடிக்கிட்டு இதெல்லாம் செய்யாதே. அறையை மூடிக்கிட்டே இருக்காதே, பொதுவாவே சொல்றேன்.

பைலட் தலைக்கு மேல மூடற கண்ணாடிக்கு டப்பாவுல கிடந்தது 1/48 அளவு, மீதி எல்லாம் அதை விடச் சின்ன 1/72. அதை வெச்சா கார் மேல பஸ் கண்ணாடி மாட்டின மாதிரி இருக்கு. அதனால வேப்பங்கட்டையில ஒரு சின்ன அச்சு செதுக்கி, ஒரு பாக்கெட்டோட பளிங்கு மாதிரி பிளாஸ்டிக்கை அடுப்புல இளக வெச்சு அது மேல இழுத்தேன். முதல்ல கருகிடுச்சு. அம்மா சாம்பார் வெக்கிற நேரத்துல அடுப்பைக் கேட்டதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டேன். கடைசியில வந்துது. புடிச்சுப் பார்த்தா தெளிவா இருக்கு, ஒரு குமிழ் இல்லை.

மூக்குல கனம் வேணும். பெரிய வால், பின்னால சாய்ஞ்ச இறக்கை, தானா விட்டா பின்னாடி உட்கார்ந்துடும். காசிமேட்டுல மீன் வாங்கப் போனப்ப வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு கேட்டு வாங்கினேன். மூக்குக்குள்ள திணிச்சு ஒட்டியாச்சு. பின் சக்கரத்துக்கு முன்னாடி எவ்வளவு தள்ளி வெக்கிறோமோ அவ்வளவு நல்லது. அதெல்லாம் நீ க்ரோம்பேட்டையில படிச்சது, நான் தராசு புடிச்சுக் கத்துக்கிட்டது.

இப்ப நிக்கிறது எஞ்சின்ல. ஜாகுவாரோட புகைவாய் ரெண்டும் சின்னது. உன் படத்துல பெருசா, நெருப்பு வர்ற மாதிரி இருக்கு. எழுதுற பேனா குழாயை வெட்டி வெச்சுப் பார்த்தேன், கொஞ்சம் பெருசாத் தெரியுது, ஆனா வெக்கலாம்னு மனசு சொல்லுது.

அப்பதான் நம்ம நாட்டுல செஞ்ச அந்த மாருத் ஃபைட்டர் பிளேன் ஞாபகம் வந்துச்சு. நீ வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்களை பெங்களூர்ல பிளேன் செய்யற எச்.ஏ.எல். கம்பெனி மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போய், அந்தப் பிளேன் கிட்ட நிக்க வெச்சு முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினே. அம்மா கால் வலிக்குதுன்னு உட்கார்ந்துட்டா, நான் கேட்டேன். ஒண்ணும் மறக்கலை. கர்ட் டாங்க்குன்னு ஜெர்மன்காரர், ஃபோக்கே-வுல்ஃப் 190-ங்கிற ஜெர்மன் ஃபைட்டரை வரைஞ்சவர், 1956-ல பெங்களூருக்கு வந்து வரைஞ்சது. முதல்ல முழு அளவுக்கு மரத்துலயே ஒண்ணு செஞ்சு, எஞ்சின் இல்லாம, டகோட்டா பிளேன் பின்னால கட்டி இழுத்துப் பறக்க விட்டுப் பார்த்தாங்கன்னு சொன்னே பாரு, அந்த இடத்துல எனக்கு சிலிர்த்துடுச்சு. அந்த மரவேலை பார்த்தவங்க யாரோ. 1961 ஜூன் 17-ல சுரஞ்சன் தாஸ் எஞ்சினோட பறக்க வெச்சார். ஒலியைப் போல ரெண்டு மடங்கு வேகத்துக்குன்னு வரைஞ்ச உடம்பு. அதுக்குன்னு நினைச்ச ஆர்ஃபியஸ் 12 எஞ்சின், தள்ளுற சக்தி 8,000 பவுண்டுக்கு மேல, கடைசி வரைக்கும் வரவே இல்லை. பிரிட்டிஷ்காரன் நிறுத்திட்டான், நம்மளும் காசு போடலை. 4,850 பவுண்டு தர்ற ஆர்ஃபியஸ் 703 ரெண்டை வெச்சுத்தான் பறந்துச்சு, நேர் கோட்டுல ஒலியைத் தாண்டவே முடியலை. 147-தான் செஞ்சாங்க. ஆனா 1971 சண்டையில ராஜஸ்தான் பக்கம் போய் வேலையைச் செஞ்சுட்டுத்தான் வந்துது.

பேரு கெட்டது எஞ்சினால. உடம்புல யாரும் குத்தம் சொல்லலை. நான் பிளேனைத்தான் சொல்றேன்.

எதிர்வீட்டு டீச்சரம்மா பையன் பொங்கலுக்கு வந்திருந்தான். உங்க ஆபீஸ் இருக்கிற கட்டடத்துலதான் அவனுக்கும் வேலையாம். உன்னைப் பத்தி ஏதோ சொல்ல வந்தான். நான் அவன்கிட்ட மெட்ரோ எப்ப முடியும்னு கேட்டு பேச்சை மாத்திட்டேன். அடுத்தவன் வாயால எதுக்கு? அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லலை. அவளுக்கு ஏற்கெனவே ராத்திரி தூக்கம் இல்லை.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நீ ஆபீஸ்ல இருந்து பேசறேன்னியே, பின்னாடி குக்கர் விசில் கேட்டுச்சு. இப்பல்லாம் ஆபீஸ்லயே சமைக்கிறாங்க போலிருக்கு. நல்லதுதான், சூடா சாப்பிடு. காலையில சாப்பிடாம இருக்காதே.

பொங்கலுக்கு நீ வரலை. ஆயா உனக்குன்னு கரும்பு எடுத்து வெச்சு, அது காய்ஞ்சு போச்சு. எனக்குக் கோவம்தான், மறைக்க மாட்டேன். உன்னை க்ரோம்பேட்டை எம்.ஐ.டி. காலேஜ்ல சேர்த்தப்ப எங்க ஒர்க்ஷாப்ல எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தேன். ஷெல் டிவிஷன் ஃபிட்டர்ங்க கூட “பொண்ணு பிளேன் செய்யப் போவுதாமே”ன்னு என் டிபன் பாக்ஸைத் தட்டிட்டுப் போவாங்க. நான் ரயில் பெட்டிக்குப் பலகை அடிச்சவன், நீ வானத்துக்குப் போனவ. அப்படிப்பட்ட பொண்ணு ரெண்டு நாள் வந்துட்டுப் போக வழியில்லைன்னா என்ன அர்த்தம்? வேலை ஜாஸ்தின்னு சொல்றே. சரி. வேலைன்னா ஜாஸ்தியாத்தான் இருக்கும். இல்லைன்னாலும் வீடு இருக்கு. உன் அறையில நான் பிளேன் செஞ்சுக்கிட்டிருக்கேன், அவ்வளவுதான், கட்டில் காலியாத்தான் இருக்கு.

இந்த இடத்துல எல்லா அப்பனும் கலாம் கதை சொல்வாங்க, டேராடூன்ல ஏர்ஃபோர்ஸுக்கு எட்டுப் பேரை எடுத்தாங்க, அவர் ஒன்பதாவதா நின்னாருன்னு. நான் சொல்ல மாட்டேன். நீ அதை என்கிட்ட நூறு தடவை சொல்லிட்டே.

பிரைமர் அடிச்சேன். சாம்பல் கலர் விழுந்ததும் எங்க இடுக்கு, எங்க கீறல்னு எல்லாம் வெளிய வந்துடுச்சு. அது வரைக்கும் அடைஞ்சிடுச்சுன்னுதான் நினைச்சேன். மறுபடி தேய்ச்சு மறுபடி அடிக்கணும். கோடு இழுக்கிற வேலைக்கு அம்மாவோட தையல் ஊசியை மரப்பிடியில சொருகி வெச்சிருக்கேன், கை லேசா நடுங்குது, ஸ்கேல் இல்லாம வராது.

ஸ்டிக்கர் வேலை மட்டும் எனக்கு ஆகாது. கண்ணு எடுக்கலை. ரவுண்டல், அதான் ஏர்ஃபோர்ஸ் வட்டச் சின்னம், பழைய ஷீட்டுல நாலு மிச்சம் இருக்கு. வெளியே காவி, நடுவுல வெள்ளை, உள்ளே பச்சை, அது சரியா இருக்கு, பார்த்துட்டேன். தண்ணியில ஊற வெச்சு நகர்த்தறப்ப என் கையில கிழிஞ்சிடும். 29சி-ங்கிற எழுத்தும் நீ எழுதினாத்தான் நோட்டுல இருக்கிற மாதிரி வரும். ‘சி’யோட வாலை நீ ரொம்ப நீட்டமா இழுப்பே.

அதனால வா. அவசரம் இல்லை. லீவ் கிடைக்குமா கிடைக்காதான்னு நான் கேக்கலை. சென்ட்ரல்ல இறங்கினா ஆட்டோக்காரன் வாயில வந்ததைக் கேப்பான், பெரம்பூர்ல நிக்கிற வண்டியாப் பார்த்துப் போடு, நான் ஸ்டேஷனுக்கு வந்துடறேன். டிக்கெட் காசு என்கிட்ட இருக்கு. நீ அனுப்பினதுதான், திருப்பி உனக்கே வரட்டும். அடுத்த மாசம் அனுப்பாதே. மறுபடி சொல்றேன், அனுப்பாதே.

சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: அம்மா ஒரு வரி எழுதச் சொல்றா. குக்கருக்கு புது கேஸ்கட் மாத்தணுமாம், விசில் சத்தம் சரியில்லையாம். வரும்போது குக்கரைக் கையோட எடுத்துட்டு வரச் சொல்றா. மத்த சாமானும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.