மார்க்கர் பையன் எழுதுவது

ரங்கூன்,
ஆடி 14, 2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மழைக்கு அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது. நீதான் கோபத்தில் வைத்துவிட்டாயோ என்று நான் ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் தாளில் எழுதிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் படம் பிடித்து அனுப்புவான். எழுத்து கோணலாக இருந்தால் மெழுகுவர்த்தியைத் திட்டு.

சனிக்கிழமை ராத்திரி நீ அனுப்பிய வரியை ஞாயிறு காலையில்தான் பார்த்தேன். "பதினஞ்சு பதிமூணு. கார்லோ. ரூம்ல ஒரே கூச்சல், தூங்க முடியலப்பா." அதை எத்தனை தடவை படித்தேன் என்று அம்மாவிடம் கேள்.

நீ வேலை பார்க்கிற ஜெத்தாவிலேயே நடந்த அந்த உலக நைன் பால் பூல் இறுதி ஆட்டத்துக்காக வெள்ளிக்கிழமையிலிருந்தே பேட்டரியை மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். விசிறிகூடப் போடவில்லை. உனக்கும் எனக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே சாயங்காலம் தொடங்கினால் இங்கே ஊர் அடங்கிவிடும். வெளியே நல்ல மழை. அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனால் அவள் மேஜையைப் பார்க்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவளுக்கு இன்னைக்கு டியூட்டி" என்றேன். "தெரியும்" என்றாள். அதற்கப்புறமும் பார்த்தாள். ஆட்டம் பாதி தாண்டியிருக்கும், நெட் போய்விட்டது. போனது போனதுதான். பிலிப்பைன்ஸ்காரர் கார்லோ பியாடோ குனிந்து கியூ குச்சியை நீட்டியபடி திரையில் உறைந்து நின்றார். அப்படியே அவரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

வேலைக்குப் போன புதிதில் ஒருமுறை கேட்டாயே, அந்த ஆட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நைன் பால் பார்க்க சின்ன ஆட்டம். ஒன்பது பந்து, வெள்ளைப் பந்து ஒன்று. மேஜையில் இருப்பதிலேயே சின்ன எண்ணைத்தான் வெள்ளை முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை முறையாக விழவைத்தவன் அந்த கேமை எடுத்துக்கொள்வான். தப்பு செய்தால் எதிராளி வெள்ளையைக் கையில் எடுத்து, இஷ்டப்பட்ட இடத்தில் வைத்து அடிப்பான். அவ்வளவுதான். ஆனால் ஒருவன் அடித்துக்கொண்டே போகும்போது மற்றவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. எழுந்து போய்த் தடுக்க முடியாது. கியூவைத் துடைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். நான் அந்த நாற்காலிக்காரன் முகத்தைத்தான் பார்ப்பேன்.

அமெரிக்காவில் ஷேன் வான் போனிங் என்று ஒருத்தர், 2022 உலகச் சாம்பியன். பிறவியிலேயே காது சரியாகக் கேட்காது. ஆடும்போது காதுக்கருவியை அணைத்துவிடுவாராம். எதிர்க்கடை ஜெனரேட்டர் ஓடும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

நம் ஊரில் ஸ்னூக்கருக்கும் பில்லியர்ட்ஸுக்கும்தான் மதிப்பு, பூல் விடலைப் பையன்களின் ஆட்டம் என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பிலிப்பைன்ஸ்காரர் எஃப்ரன் ரெயஸ் 1995-ல் அமெரிக்காவில் ரெனோ என்ற ஊரில் அடித்த அடியை ஒரு டீக்கடை வி.சி.டி.யில் பார்த்த பிறகு அந்தப் பேச்சை விட்டேன். எதிரே ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்ட். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, அடுத்த கேம் எடுப்பவனுக்கு ஆட்டம். ஐந்தாம் பந்துக்கு நேர்வழி இல்லாதபடி ஸ்ட்ரிக்லேண்ட் மறைத்து வைத்துவிட்டார். ரெயஸ் வெள்ளையை மேஜை ஓரத்து இரண்டு குஷனில் முட்டவிட்டு, கோணல்மாணலாகக் கொண்டுபோய், ஐந்தைத் தொட்டதோடு நில்லாமல் பாக்கெட்டிலும் போட்டார். என் டீ ஆறிப்போனது. அந்த மனுஷன் சின்ன வயதில் மணிலாவில் மாமா நடத்திய பூல் ஹாலில் எடுபிடியாக இருந்தவர், மேஜை மேலேயே படுத்துத் தூங்கியவர். பியாடோ கோல்ஃப் மைதானத்தில் கேடியாக அடுத்தவன் பையைச் சுமந்தவர். இதே உலகப் பட்டத்தை 2017-ல் தோஹாவில் ஜெயித்தார், அடுத்த வருஷமே இறுதியில் இருபத்தொரு வயது ஜோஷுவா ஃபில்லரிடம் தோற்றார். இப்போது நாற்பத்தொரு வயதில், உன் ஊரில் வைத்து, இரண்டாவது தடவை. இரண்டு தடவை இதை ஜெயித்த முதல் பிலிப்பைன்ஸ்காரர். உன் அறைப் பெண்கள் கத்தினால் கத்தட்டும் பாப்பா.

தோற்ற ஃபெடோர் கோர்ஸ்ட் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருபத்தைந்து வயதுப் பையன். போன வருஷம் இதே ஜெத்தாவில் எக்லென்ட் காச்சியை 15-14 என்று தாண்டி ஜெயித்தவன். இன்னும் எத்தனையோ எடுப்பான்.

நான் மேஜையைத் துடைத்து, புள்ளி குறிக்கிற மார்க்கர் பையனாக இருந்த கதையை உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். பதிமூன்று வயது. வெள்ளைக்காரன் விட்டுப்போன ஸ்னூக்கர் மேஜை, பன்னிரண்டு அடி. காலையில் போனதும் பச்சைத் துணியைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், ரோமம் சாய்ந்திருக்கிற பக்கமாகவே. எதிர்ப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தாலும் பந்து பேசிவிடும். அப்புறம் கனமான இஸ்திரிப்பெட்டி, மிதமான சூட்டில், நிறுத்தாமல். இந்தப் பூல் மேஜைத் துணிக்கு ரோமமே கிடையாது, இஸ்திரியும் வேண்டாம். டிவியில் பார்க்கும்போது அது ஒன்றுதான் எனக்குக் குறையாகத் தெரியும், கை சும்மா இருப்பது மாதிரி. ஒருநாள் குடித்துவிட்டு வந்த ஒரு பெரிய மனுஷன் கியூவைக் குத்தித் துணியைக் கிழித்தான். கிழித்தது பையன் என்றான். நான் மூலையில் ஸ்கோர் பலகைக்குக் கீழே நின்றிருந்தேன், அவன் புள்ளியை நகர்த்திவிட்டு. மூன்று மாதச் சம்பளம் போனது. உன் பாட்டியிடம் சொல்லவில்லை, தொலைத்துவிட்டேன் என்றேன். அதற்கு அடியும் வாங்கினேன்.

போன மாதம் உன் மேலாளர் செய்த தப்பை உன் கணக்கில் எழுதினார்கள் என்று அழுதாயே, அப்போது இதைச் சொல்ல வாயெடுத்தேன். லைன் அறுந்துவிட்டது. இப்போதும் என்ன செய் என்று சொல்லத் தெரியவில்லை. எல்.சி.சி.ஐ. கணக்கியல் படித்தவள் நீ, தாளில் இருப்பதை நகல் எடுத்து வைத்துக்கொள். என்னிடம் தாள் இல்லை.

ஜெயித்தவருக்கு இரண்டரை லட்சம் டாலராம். சொன்னதும் அம்மா கணக்குப் போட ஆரம்பித்தாள், பாதியில் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், உன் பேரில் அரிசி கொடுத்திருக்கிறோம். அடுத்த வருஷமும் இந்தப் போட்டி ஜெத்தாவில் நடந்தால் ஒரே ஒரு நாள் லீவு சொல்லிப் பார். இறுதி ஆட்டம் வேண்டாம், டிக்கெட் விலை இருக்கும். முதல் நாட்களில் பல மேஜைகளில் ஒரே நேரத்தில் ஆடுவார்கள், அதுதான் பார்க்க நன்றாக இருக்கும். போனால் கேமரா பக்கமாக உட்கார். அம்மா கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
அப்பா