தப்புக் கணக்கு மட்டும்தானா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூதாட்டத்துக்கு அடிமையாவதைச் சிந்தனைப் பிழைகளைக் கொண்டு விளக்கிய சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் 'இதுதான் காரணம்' என்று முடித்த விதம் உறுத்துகிறது.

'இத்தனை முறை தோற்றாச்சு, அடுத்தது நமக்குத்தான்' என்ற நினைப்பு இருப்பது உண்மை. 1913-ல் மொனாக்கோ நாட்டு மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், சுழலும் சக்கரத்தில் பந்தை உருட்டி ஆடும் ரூலெட்டில், பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழ, இனி சிவப்புதான் என்று பணத்தைக் கொட்டியவர்கள் கதை பிரசித்தம். அவர்கள் எல்லாரும் சூதாட்ட அடிமைகளா என்ன? அந்தப் பிழை கணக்கு தெரிந்தவர்களுக்கும் வரும். எல்லாரிடமும் உள்ள ஒன்றை வைத்து, சிலரால் மட்டும் ஏன் எழுந்து போக முடிவதில்லை என்பதை எப்படி விளக்குவது?

கட்டுரை பெரிதும் நம்பியிருக்கும், பிரிட்டிஷ் உளவியலாளர் மார்க் கிரிஃபித்ஸின் 1994 ஆய்வையே பார்ப்போம். வாடிக்கையாக ஆடுபவர்கள் 30 பேர், எப்போதாவது ஆடுபவர்கள் 30 பேர். ஆளுக்கு 3 பவுண்டு கொடுத்து, காசு போட்டு ஆடும் இயந்திரத்தின் முன் மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். வாடிக்கைக்காரர்கள் சொன்னதில் 14 சதவீதம் அறிவுக்குப் பொருந்தாதவை, மற்றவர்களிடம் 2.5 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் மீதி 86 சதவீதம் சாதாரணப் பேச்சுத்தானே? தவிர, 'இந்த இயந்திரத்துக்கு என்னைக் கண்டாலே ஆகாது' என்று ஒருவர் சொல்வதாலேயே அதை அவர் நம்புகிறார் என்று ஆகிவிடாது. கணினி நின்றுபோனால் நாமும்தான் அதைத் திட்டுகிறோம். வருடக்கணக்கில் ஆடியதால் அந்தப் பேச்சு வந்ததா, அந்த நினைப்பு இருந்ததால் ஆட வந்தார்களா என்பதும் அதில் தெரியாது.

கட்டுரை சொல்லாமல் விட்ட ஒரு தகவல் அதே ஆய்வில் இருக்கிறது. 60 ஆட்டம் தாக்குப்பிடித்தால் கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு போகலாம் என்பது ஏற்பாடு. வாடிக்கைக்காரர்களில் 14 பேர் அதை எட்டினார்கள். அவர்களில் 10 பேர் எழவே இல்லை, காசு முழுவதும் தீரும்வரை ஆடினார்கள். ஜெயிப்போம் என்று தப்புக் கணக்குப் போட்டார்களா, அல்லது ஆடிக்கொண்டே இருப்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்ததா? இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது.

அப்புறம், பார்க்கின்சன் நோயாளிகள். மூளையில் ஆசையையும் ஊக்கத்தையும் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் போல வேலை செய்யும் பிரமிபெக்ஸோல் போன்ற மருந்துகளைச் சாப்பிடும் சிலருக்கு, அதுவரை சூதாட்டமே பழக்கமில்லாதவர்களுக்கும்கூட, அடக்க முடியாத சூதாட்ட வெறி வருகிறது. மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பலருக்கு அடங்கிவிடுகிறது. மாத்திரை அவர்களுடைய நிகழ்தகவு அறிவையா கெடுத்தது?

ஜெயிக்க வேண்டிய படம் ஒரு கட்டம் தள்ளி நின்று, நூலிழையில் தவறும் ஆட்டங்களைப் பற்றி 2009-ல் உளவியல் ஆய்வாளர் லூக் கிளார்க் குழுவினர் செய்த மூளை ஆய்வும் இதையே காட்டுகிறது. அப்படித் தவறுவது ஆடியவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும், தாங்களே படத்தைத் தேர்ந்தெடுத்த ஆட்டங்களில், இன்னொரு முறை ஆடும் ஆசை கூடியது. ஜெயிக்கும்போது தூண்டப்படும் மூளைப் பகுதிகளே இதற்கும் தூண்டப்பட்டன. இதைத் தவறான நம்பிக்கை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

சரி, சிந்தனையைத் திருத்தும் சிகிச்சையால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பலர் அதனால் மீண்டிருக்கிறார்கள். ஆனால் 'விட்டதைப் பிடிக்கணும்' என்று உட்கார்ந்திருப்பவரிடம் நிகழ்தகவுப் பாடம் நடத்தினால், எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த காசைப் போடுவார்.

குற்றம் முழுவதும் ஆடுபவர் தலையில் விழுந்துவிடுகிறது என்பதும் எனக்கு நெருடல். 10 காசு கட்டி 3 காசு திரும்பி வந்தால் அது 7 காசு நஷ்டம். அதற்கும் விளக்கெரிந்து இசை முழங்கும்படி இயந்திரத்தை வடிவமைக்கிறார்கள். அந்த வடிவமைப்பைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்