நடவுப் பெண்களுக்கும் குடற்புழு நீக்க மாத்திரை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நடவுக் குழுப் பெண்கள் (18 பேர்),
கோரையாற்றங்கரைக் கிராமம்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருவாரூர்.

பொருள்: குடற்புழு நீக்க முகாமில் 30 வயதுக்கு மேற்பட்ட விவசாயக் கூலிப் பெண்களையும் சேர்ப்பது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலப் பரிசோதனை செய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் 18 பேரும் நாற்றுப் பறிப்பு, நடவு, களை, அறுவடைக்குப் பின் உளுந்து பறிப்பு என்று வருஷம் முழுக்கச் சேர்ந்தே வேலைக்குப் போகிறவர்கள். பன்னிரண்டாவது வரை படித்தவள் என்பதால் மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மற்றவர்கள் சொன்னதையும், செவிலியரிடமும் மருத்துவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன சம்பா நடவில் எங்களில் ஒருவர், 43 வயதுக்காரர், வரப்பிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்பிருந்தே அவருக்கு மேல்மூச்சு வாங்கும். நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் நின்றுவிடுவார். முகம் வெளுத்திருக்கும். எங்கே அரிசியைப் பார்த்தாலும் ஒரு கை அள்ளி வாயில் போட்டு மெல்லுவார். அரிசி மெல்லும் ஆசை ரத்தச்சோகையின் அடையாளமாகவும் இருக்கலாம் என்று எங்களுக்கு அப்போது தெரியாது, கேலிதான் செய்தோம். பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 6 என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டார். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. கொஞ்சம் ஏறியது, பிறகு பழையபடி இறங்கியது. கடைசியில் வேறு ஊரில் ஒரு மருத்துவர் மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். கொக்கிப்புழு முட்டை நிறைய இருந்தது. ஒரே ஒரு அல்பெண்டசோல் மாத்திரை, கூடவே மறுபடி இரும்புச்சத்து. இந்தக் குறுவைக்கு அவர் எங்களோடு நடவுக்கு வந்தார்.

அதே மாத்திரையை வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் அங்கன்வாடியில் கொடுக்கிறார்கள். அவருடைய மகளுக்குக் கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. 1 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்கும், 20 முதல் 30 வயது வரையிலான பெண்களுக்கும்தான் அந்த மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு நாலாம் மாதத்துக்கு மேல் தனியாகக் கொடுக்கிறார்கள், சரி. 31 வயது ஆகிவிட்டால் கேட்க ஆளில்லை. எங்கள் குழுவில் 30 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இரண்டு பேர்தான். இப்போதைய இளம்பெண்கள் திருப்பூர் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். சேற்றில் இறங்குவது 35 வயதிலிருந்து 60 வயது வரையிலான நாங்கள்தான். யார் கால் மண்ணில் படுகிறதோ அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மருந்து கொடுப்பதாக இருக்கிறது.

ஊரில் பூச்சி என்றாலே நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சிதான் நினைவுக்கு வரும். அது பிள்ளைகள் சமாச்சாரம், வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம். கொக்கிப்புழு பெரும்பாலும் கால் வழியாக வருகிறது. மலத்தோடு மண்ணில் விழும் முட்டை, நிழலும் ஈரமும் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். 5 முதல் 10 நாளுக்குள் அந்தக் குஞ்சு தோலைத் துளைக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். அப்புறம் வெறுங்கால் எப்போது வரும் என்று மூன்று நாலு வாரம்கூட மண்ணில் காத்திருக்கும். உள்ளே போனது ரத்தத்தோடு நுரையீரலுக்கு ஏறி, தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, சிறுகுடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கிறது. சின்ன வகைப் புழு ஒன்று ஒரு நாளைக்கு 0.03 மில்லி குடிக்குமாம், பெரிய வகை 0.15 மில்லிக்கு மேல். சின்ன வகையே 100 இருந்தால் மாதத்துக்கு 90 மில்லி ஆகிறது. நாங்கள் வரப்பில் குடிக்கும் ஒரு டீ கிளாஸ் அளவு. வடிமடையை அடைக்காமல் வயலுக்குத் தண்ணீர் கட்டினால் எப்படி நிற்கும்? இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுப்பதும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை என்று வந்திருக்கிறது. அத்தனைக்கும் புழுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் மாதிரி ஆட்களிடம் அதையும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

கழிப்பறை கட்டிக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். கட்டினோம், அரசு கொடுத்த 12,000 ரூபாயோடு கைக்காசும் போட்டு. இரட்டைக் குழி போட்ட கழிப்பறை. சித்திரை, வைகாசியில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் நாலடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். குழியில் ஊற்று ஏறி, பீங்கானில் ஊற்றின தண்ணீர் இறங்காமல் நிற்கும். அப்புறம் என்ன, ராத்திரியில் வாய்க்கால் கரை, கருவை மறைவுதான். புழுவுக்குத் தோதான மழைக்காலத்தில்தான் நாங்களும் மண்ணுக்குப் போகிறோம். தண்ணீர் நிற்கும் வயலைவிட, நிழல் விழும் அந்த ஈரக் கரைதான் ஆபத்து என்று மருத்துவர் சொன்னார். வேலைக்குப் போகிற வழியும் அதுதான், கஞ்சி குடிக்க உட்காருகிற இடமும் அதுதான். சேற்றுப்புண்ணுக்கு மருதாணி வைத்துக்கொள்கிறோம். புழுவுக்கு அது கேட்காது.

பூட்ஸ் கொடுக்கச் சொல்லி யாரோ யோசனை சொன்னார்கள். நடவு வயலில் பூட்ஸ் போட்டால் சேறு பிடித்துக்கொள்ளும், கால் மட்டும்தான் வெளியே வரும். நடவுக்கு அது ஆகாது. ஆனால் நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர் வாருகிறோமே, அங்கே முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் கையுறையும் கொடுத்தால் கட்டாயம் போட்டுக்கொள்வோம். ஊர் அசிங்கம் எல்லாம் சேரும் இடம் அதுதான்.

இது புதிதாகக் கேட்கும் சலுகை இல்லை. யானைக்கால் நோய் ஒழிப்புக்காக டெல்டா மாவட்டங்களில் வீடு வீடாக வந்து, எதிரிலேயே விழுங்க வைத்து டிஇசி மாத்திரை கொடுத்த காலம் தங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும். அதோடு சேர்த்துக் கொடுத்தது இதே அல்பெண்டசோல்தான். அப்போது கர்ப்பிணி, கைக்குழந்தை, கடும் நோயாளி தவிர ஊரே சாப்பிட்டது. யானைக்கால் நோய் கட்டுக்குள் வந்ததும் அந்த மாத்திரை நின்றது, பெரியவர்களுக்கான புழு மருந்தும் அதோடு போயிற்று. உலக சுகாதார நிறுவனமும் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களையும், தேயிலை பறிப்பவர், சுரங்கத் தொழிலாளி போல மண்ணோடு புழங்குகிற பெரியவர்களையும் சேர்க்கச் சொல்கிறது. நெல் நடுகிறவர்களும் அந்த வரிசையில் வரவேண்டியவர்கள்தானே?

ஆகவே, அடுத்த பிப்ரவரி முகாமிலிருந்து வயது வரம்பு பார்க்காமல் விவசாயக் கூலி செய்யும் எல்லாப் பெண்களுக்கும், கூட வேலை செய்யும் ஆண்களுக்கும் மாத்திரை கொடுக்க உத்தரவிட வேண்டுகிறோம். அரசாணை வேண்டும் என்றால் சுகாதாரத் துறைக்குத் தாங்கள் பரிந்துரை எழுத வேண்டும். கர்ப்பமாக இருக்கக்கூடியவர்களைச் செவிலியர் விசாரித்துக் கொடுக்கட்டும். ஒரு தடவை தின்றால் தீராது, கால் மண்ணில் படுகிறவரை மறுபடி தொற்றும் என்பதால் ஆகஸ்டிலும் வேண்டும். ஹீமோகுளோபின் 8க்குக் கீழே வருகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மலப் பரிசோதனை செய்ய ஏற்பாடு வேண்டும். அங்கே சளி பார்க்க மைக்ராஸ்கோப் இருக்கிறது. மலத்துக்கு மட்டும் வேறு ஊருக்குப் போகச் சொல்கிறார்கள். கேட்டோ-காட்ஸ் என்ற முறையில் ஸ்லைடு போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டுமாம், பிறகு கொக்கிப்புழு முட்டை கண்ணுக்குத் தெரியாது. உள்ளூரில் பார்த்தால்தான் பிரயோஜனம். ஊற்று ஏறும் தெருக்களில் குழிக்குப் பதில் மேட்டில் அமைக்கும் தொட்டிக் கழிப்பறைக்கு வழி உண்டா என்று பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் சொல்லவும் வேண்டுகிறோம்.

அங்கன்வாடியில் மாத்திரை கொடுப்பது காலை 10 மணிக்கு. நாங்கள் ஆறரைக்கெல்லாம் வயலுக்குப் போய்விடுவோம். மாத்திரை கொடுக்கும் குழுவை அதற்கு முன்பே எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள், அல்லது வயலுக்கே வரச் சொல்லுங்கள். எதுவானாலும் முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் தகவல் சொல்லிவிட்டால் 18 பேரையும் நான் நிறுத்தி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நடவுக் குழுப் பெண்கள்
(கையொப்பம் 11, கைநாட்டு 7)

இடம்: திருவாரூர்
திங்கள்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள்