சாக்லெட்டால் வந்த நோயல்ல அது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா ஊரடங்கை நினைவுகூர்ந்து சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது, ஒரு வரி வரும் வரைக்கும். வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள் சாக்லெட்டும் பிஸ்கட்டுமாகத் தின்று தீர்த்ததில் சர்க்கரை நோய் வந்தது, பெற்றோர் கவனிக்காமல் விட்டதால் மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டார் தங்கள் கட்டுரையாளர். பக்கத்தில் தட்டு நிறைய ஜிலேபி படம் வேறு. வண்ணத்தில் நன்றாக அச்சாகியிருந்தது.

குழந்தைகள் வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் என்பதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தைகள் இப்படி மயங்கி வருவது பெரும்பாலும் டைப் 1 சர்க்கரையில்தான். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது அது. சாக்லெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அம்மாவின் வளர்ப்புக்கும் சம்பந்தமில்லை. தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஜிலேபி ஏன் வந்தது என்பதுதான் புரியவில்லை.

ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று தங்கள் இதழில் இரண்டு பக்கங்கள் வரும். ஒன்றில் நேரு மாமா, ரோஜா, மாறுவேடப் போட்டி. மற்றதில் உலக நீரிழிவு தினம்: பாகற்காய், வெந்தயம், தொந்தியோடு நடைப்பயிற்சி போகும் ஐம்பது வயதுக்காரர். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரடெரிக் பேண்டிங்கின் பிறந்தநாள் என்பதால் வைத்த தேதி அது. 1922 ஜனவரியில் டொரன்டோவில் அந்த இன்சுலினை முதலில் போட்டுக்கொண்டவன் 14 வயதுப் பையன். அந்த வயதுப் பிள்ளைக்கு இந்த இரண்டு பக்கத்திலும் இதுவரை இடம் கிடைத்ததில்லை. ஆனால் ஏதோ ஓர் இலையை மென்றால் ஊசியே வேண்டாம் என்ற துணுக்குக்கு இடம் கிடைத்தது; கீழேயே மூலிகைப் பொடி விளம்பரமும். பெரியவர்களுக்கு அதனால் பணநஷ்டத்தோடு போகலாம். டைப் 1 பிள்ளைக்கு ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

ஏன் என்றால், இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் உள்ள சர்க்கரை செல்லுக்குள் போகாது. உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் வரும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேரும். டாக்டர்கள் டி.கே.ஏ. என்பது இதைத்தான். சர்க்கரை 200-க்கு மேல், ரத்தத்தின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று காட்டும் அளவு) 7.3-க்குக் கீழ். வாந்தி, வயிற்றுவலி, உலர்ந்த நாக்கு, அழுகிய பழம் போல வாயில் ஒரு வாசனை. அமிலத்தை வெளியே தள்ள நுரையீரல் பாடுபடுவதால் ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கும்.

அந்த மூச்சில்தான் 2020-இல் எல்லோரும் ஏமாந்தார்கள். மூச்சு வாங்கினால் கொரோனா என்று ஊரே நம்பிய நேரம். காய்ச்சல் கிளினிக், மூக்கில் பஞ்சுக் குச்சி, ரிப்போர்ட் வரும் வரை காத்திரு. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 98 காட்டும்; நல்லாத்தான் இருக்கு என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். பிள்ளை மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது, ஆக்சிஜன் 98 என்றால் அடுத்த வேலை விரல் நுனியில் ஒரு குத்து. குளுக்கோமீட்டர் ஐந்து விநாடியில் சொல்லிவிடும். ஸ்ட்ரிப்புக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒரு வடாபாவ் விலை. (விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு குத்த வேண்டும், மாம்பழம் தின்ற கையில் குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரையைத்தான் காட்டும்.) இதைச் செய்யாமல் சோர்வுக்கு குளுக்கோஸ் டிரிப் ஏற்றியவர்கள் உண்டு. காய்ச்சலுக்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தவர்களும் உண்டு, அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

பெற்றோர் கவனிக்கவில்லையாம். கட்டுரையாளர் தாராவிப் பக்கம் வந்திருக்கிறாரா? இங்கே 2020 ஏப்ரல் 1 அன்று முதல் கேஸ் வந்த பிறகு ஆட்கள் அதிகம் பயந்தது பொதுக் கழிப்பறைக்குத்தான். கோலி என்று நாங்கள் சொல்லும் பத்துக்குப் பத்து ஒற்றை அறையில் ஆறு பேர், ராத்திரி வெளியே போகக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போகிற பிள்ளையிடம் அம்மா என்ன சொல்வாள்? தண்ணியைக் குறைச்சுக் குடி என்றுதான். கவனிக்காமல் சொன்னதல்ல. கவனித்து, கொரோனாவுக்குப் பயந்து சொன்னது. நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கியதும், மோரியில் (அறை மூலையில் கழுவும் இடம்) சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்ததும் அவள் கண்ணில் பட்டுத்தான் இருக்கும். அது சர்க்கரைக்கு அடையாளம் என்று எந்தப் பத்திரிகை அவளுக்குச் சொல்லியிருக்கிறது? இன்னொன்றும் உண்டு. சாதாரண வாந்திபேதியில் உடம்பு வற்றினால் சிறுநீர் குறையும். இந்தப் பிள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஆனால் சிறுநீர் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் பாதி வழியிலேயே பிடித்துவிடலாம்.

சாக்லெட் கதையை இன்னும் நம்புபவர்களுக்கு ஜெர்மனிக் கணக்கு. 2020 மார்ச் 13 முதல் மே 13 வரை அங்கே புதிதாக டைப் 1 கண்டறியப்பட்ட பிள்ளைகளில் 44.7 சதவீதம் பேர் டி.கே.ஏ. நிலையில் வந்தார்கள். முந்தைய ஆண்டு அதே மாதங்களில் 24.5 சதவீதம். எல்லோருக்கும் காப்பீடு உள்ள நாடு. ஜெர்மன் அம்மாக்களும் பிள்ளைகளை ஜிலேபி கொடுத்துக் கெடுத்தார்கள் போலும்! நோய் கூடியதைக் காட்டும் எண்ணல்ல இது, பிள்ளைகள் தாமதமாக வந்ததைக் காட்டும் எண்.

ஆஸ்பத்திரிக்குள் நடப்பதையும் கட்டுரை இன்சுலின் போட்டுக் காப்பாற்றினர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அவ்வளவு சுலபமில்லை. முதலில் சலைன்: கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, அதாவது 20 கிலோ பிள்ளைக்கு 200 முதல் 400 மில்லி. இன்சுலின் அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான், அதுவும் சொட்டுச் சொட்டாக, மணிக்கு கிலோவுக்கு 0.05 முதல் 0.1 யூனிட். ஒரேயடியாக ஊசி போட்டு இறக்கக் கூடாது. இன்சுலின் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும், அதை ஈடுகட்டாவிட்டால் இதயத் துடிப்பு தடம் மாறும். சர்க்கரை 250, 300 பக்கம் வந்ததும் சலைனோடு குளுக்கோஸ் சேர்ப்போம். சுகர் பேஷண்டுக்கு சுகர் டிரிப்பா என்று சண்டைக்கு வராத அப்பா இல்லை. கீட்டோன் தீரும் வரை இன்சுலினை நிறுத்த முடியாது, நிறுத்தாமல் போனால் சர்க்கரை தாழ்ந்துவிடும், அதனால்தான். எங்களுக்கு இருக்கும் பெரிய பயம் மூளை வீக்கம். தலைவலி, மந்தம், நாடி குறைந்து ரத்த அழுத்தம் ஏறுவது தெரிந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமல் வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்தை ஏற்ற வேண்டும். நூறு பிள்ளைகளில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் இது வரும். ஆனால் டி.கே.ஏ.வில் இறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதில்தான் இறக்கிறார்கள்.

ஏற்கெனவே ஊசி போட்டு வந்த பிள்ளைகளைப் பற்றி கட்டுரையில் ஒரு சொல் கிடையாது. லோக்கல் ரயில் நின்றதும் வழக்கமான மருந்துக்கடை எட்டாமல் போனது. தெருமுனைக் கடையில் இருந்ததை வாங்கினார்கள். நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா போன்ற ஊசிக் கருவியில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட், அந்த அளவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். நாலைந்து நாளில் கீட்டோன். பேனா கிடைக்காமல் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடியில் 10 கோடு இழுத்தால் 25 யூனிட்; பிள்ளைக்கு வலிப்பே வரும். கடைக்காரரும் சொல்லவில்லை, பத்திரிகையும் சொல்லவில்லை.

காய்ச்சல் வந்து சாப்பிடாவிட்டால் ஊசி வேண்டாம் என்று நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. காய்ச்சலில் உடம்புக்கு இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடும். சர்க்கரை தாழ்ந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார், நிறுத்தச் சொல்ல மாட்டார். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும், சிறுநீரில் கீட்டோன் ஸ்ட்ரிப் நனைக்க வேண்டும். நிறம் கருஊதா பக்கம் போனால், சர்க்கரையும் ஏறியிருந்தால், ஒரு நாளின் மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக, டாக்டரிடம் போனில் கேட்டுப் போட வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் போன் போதாது, ஆஸ்பத்திரிதான். மும்பை மழைக்காலத்தில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் கோத்து நிறமே மாறாது. கீட்டோன் இல்லை என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். 2020 அக்டோபர் 12 அன்று மும்பை முழுக்கக் கரண்ட் போனபோது பிரிட்ஜில் இருந்த இன்சுலினைக் கொட்டிய வீடுகளும் உண்டு. சில மணி நேரத்தில் அது கெடாது. கெடுவது ஃப்ரீசரில் உறைந்தாலோ கடும் சூட்டில் கிடந்தாலோதான். பிரிட்ஜ் இல்லாவிட்டால் ஈர மணலில் வைத்த மண்பானை போதும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரி தவறு என்று ஒரு திருத்தம். கூடவே கட்டம் கட்டி நான்கு அடையாளங்கள்: அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், மெலிவு, சோர்வு. கண்டால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பார்க்கவும் என்று ஒரு வரி. இடமில்லை என்றால் மூலிகைப் பொடி விளம்பரத்தில் இரண்டு அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். ஜிலேபிப் படத்தை தீபாவளி மலருக்கு எடுத்து வைக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தாராவி, மும்பை – 17