பாம்பனுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வேண்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பாம்பன் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து எங்கள் பக்கத்துச் சுற்றுலா பற்றி நிறையப் படிக்கிறேன், எல்லாவற்றிலும் விடுதி, ரிசார்ட், படகு சவாரி என்றே பேச்சு. மீன் பிடிக்கிற குடும்பத்துக்கு இதில் என்ன கிடைக்கும் என்று யாரும் எழுதக் காணோம். நான் தங்கச்சிமடத்துக்காரன், கப்பலில் வேலை. கரீபியன் தீவுகளில் ஒன்றான பார்படோஸில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பார்த்ததைச் சொன்னால் இங்கே யாருக்காவது உறைக்காதா என்றுதான் எழுதுகிறேன்.

தீவு சின்னது, நீளமே 34 கிலோமீட்டர்தான், ஜனத்தொகை மூன்று லட்சத்தைத் தொடாது. 2024 ஜூன் 29 அன்று நம்ம ஆட்கள் டி20 உலகக் கோப்பையைத் தூக்கினார்களே, அந்த பிரிட்ஜ்டவுன்தான் தலைநகரம். அங்கே வேன் ஏறி, காதைக் கிழிக்கிற பாட்டைச் சகித்துக்கொண்டு தெற்குக் கரையோரமாகப் போனால் ஆய்ஸ்டின்ஸ் என்ற மீனவர் ஊர் வரும்.

பகலில் அது வெறும் மீன் மார்க்கெட். பறவைக் கோலா என்கிற பறக்கும் மீன்தான் அந்த நாட்டுக்கே உயிர், ஒரு டாலர் நாணயத்தில்கூட அதைத்தான் பொறித்திருக்கிறார்கள். அதற்கு முள் எடுக்கிறவர்களின் கையைப் பார்க்க வேண்டும். மீனைக் கீறி விரித்து, கத்தி முனையை நடுமுள்ளுக்கு அடியில் விட்டு ஒரு இழுப்பு, சதை கிழியாமல் முள் தனியாக வந்துவிடுகிறது. அடுத்த மீன் ஏற்கெனவே கையில். நம் பாம்பன் அக்காமாரின் கைவேகமும் இதற்குக் குறைந்ததில்லை, ஆனால் இங்கே ஏலம் முடிந்து கூடை காலியானால் அன்றைய வருமானமும் முடிந்தது.

அங்கே பொழுது சாய்ந்த பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது. மார்க்கெட்டை ஒட்டியே கடற்கரையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள், மேலே கூரை, முன்னால் நீள பெஞ்சுகள். சூரை, சிங்கி இறால், பறவைக் கோலா எல்லாம் கண் முன்னாலேயே சுட்டும் பொரித்தும் தருகிறார்கள், கூடவே கடுகும் மிளகாயும் அரைத்த மஞ்சள் சாஸ், அதன் காரம் நம் ஊர் நாக்கையே ஒரு நிமிஷம் யோசிக்க வைக்கும். சோள மாவும் வெண்டைக்காயும் போட்டுக் கிண்டிய கூகூ என்று ஒன்று, நம்ம களி மாதிரிதான். ஒரு பக்கம் இளவட்டங்கள் ஆட்டம், இன்னொரு பக்கம் பழைய பாட்டுக்கு அறுபது எழுபது வயசுத் தம்பதிகள் இஸ்திரி போட்ட சட்டையோடு கைகோத்து ஆடுகிறார்கள், நடுவில் நாலு பெரிசுகள் டொமினோ கட்டையை மேஜையில் டப் டப்பென்று அடித்து விளையாடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருகிறார்கள், ஆனால் உள்ளூர்க்காரர் தன் வாரக் கடைசியைக் கொண்டாடுகிற இடம் அது, மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். விலை மலிவு என்று சொல்ல மாட்டேன், ஒரு தட்டு நம் காசுக்கு ஆயிரத்தைத் தாண்டிவிடும். ரம்மும் பீரும் ஓடுகிறது, சரி, அது நமக்கு வேண்டாம், டாஸ்மாக் கொடுக்கிற தொல்லையே போதும்.

இங்கே என்ன இருக்கிறது? தனுஷ்கோடியில் குடிசை போட்டு மீன் பொரித்து விற்கிறார்கள், ருசிக்குக் குறையே இல்லை, ஆனால் இருட்டுவதற்குள் ஆட்களைக் கிளப்பி அனுப்பிவிடுகிறார்கள். ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கிற கூட்டத்துக்கு அதற்கப்புறம் போக இடமில்லை, அறைக்குப் போய் டிவி பார்க்க வேண்டியதுதான்.

கோயில் ஊரில் மீன் கடையா என்று கேட்பார்கள். நியாயம்தான், ராமேஸ்வரத்தில் வேண்டாம். பாம்பன் குந்துகால் இருக்கிறதே, 1897இல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம், நினைவு மண்டபம் பார்க்க எப்படியும் ஆட்கள் வருகிறார்கள். மண்டபத்தை விட்டுத் தள்ளி, மீன் இறங்குகிற பக்கமாக வரிசைக் கூரை, நல்ல தண்ணீர், விளக்கு, பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை, குப்பை அள்ள ஆள், இது போதும். கடைகளை மீனவப் பெண்களின் குழுக்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும், ஏலம் விட்டால் ஒரே மாசத்தில் வெளியூர்ப் பணம் வந்து உட்கார்ந்துவிடும். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா பக்கத்தில் என்பதால் பிளாஸ்டிக் தட்டுக்கு இடமே கூடாது, வாழை இலை இருக்கிறது.

தடைக்காலத்தில் மீனுக்கு எங்கே போவது என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள்தான் கரையில் நிற்கும், நாட்டுப்படகு போய்வருகிறதே. பள்ளி விடுமுறைக் கூட்டமும் சரியாக அப்போதுதான் வருகிறது. அந்த நாட்களில் நாட்டுப்படகுக்காரர் மீனை வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளாமல் பத்தடி தள்ளியிருக்கிற கடையிலேயே கொடுத்தால் யாருக்கு நஷ்டம்?

அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் நிருபர் அன்றைக்கு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
கப்பல் தொழிலாளி ஒருவர்,
தங்கச்சிமடம்