காகிதக் கூழும் வெந்தயமும்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு சாயங்காலம் முழுவதும் கைபேசியில் கரைகிறது, கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று எழுதியிருந்தாய். பரணில் பழைய செய்தித்தாள் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது என்றும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் சேர்த்து என் பதில், நம் பாட்டிமார் செய்த காகிதக் கூழ்க் கூடை. காசு செலவில்லை. ஆனால் ஒரு கூடைக்கு பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளில் உன் கைக்கு வேலை இரண்டு மூன்று நாள்தான், மீதியைத் தண்ணீரும் காற்றும் பார்த்துக்கொள்ளும். அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

முதல் கூடைக்கு அரைக் கிலோ செய்தித்தாள், 100 கிராம் வெந்தயம், ஒரு மேசைக்கரண்டி மஞ்சள்தூள் போதும். பளபளப்பான வார இதழ்த் தாளைச் சேர்க்காதே. அதன்மேல் பூசியிருக்கும் வெண்களிமண் கூழில் மாவாகக் கலந்து, காய்ந்ததும் உதிரும். பழைய நோட்டுத் தாள் நல்ல வலு தரும், ஆனால் ஊற இரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும்.

கிழிக்கும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் கொடு. செய்தித்தாள் ஒரு பக்கமாக இழுத்தால் நேராகக் கிழியும், மறுபக்கமாக இழுத்தால் கோணிக்கொண்டு போகும். ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே நார்களும் படுத்துவிடுவதால் அப்படி. சொல்லிக்கொடுக்காதே, அவர்களே கண்டுபிடிக்கட்டும். கத்தரிக்கோல் வேண்டாம். வெட்டிய ஓரத்தில் நார் அறுபடும், கிழித்த ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டு நிற்கும், அதுதான் ஒன்றோடொன்று பின்னிப் பிடிக்கும்.

கட்டைவிரல் அளவுத் துண்டுகளாக்கி மூன்று நாள் ஊறவை. தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே நாற்றமெடுக்கும். பிறகு உரலில் இடிப்பதே உத்தமம். இடித்தால் நார் பிரியும், மிக்ஸியில் அரைத்தால் நார் அறுந்து குட்டையாகிவிடும், கூடை சொத சொதவென்று வலுவில்லாமல் வரும். மிக்ஸிதான் இருக்கிறது என்றால் ஒரு கைப்பிடிக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் விட்டு, விட்டுவிட்டு ஓட்டு. தண்ணீர் குறைந்தால் மோட்டார் சூடாகிவிடும். துணியில் கட்டிப் பிழிந்தால் சப்பாத்தி மாவு பதத்துக்கு வர வேண்டும்.

வெந்தயத்தை முந்தின இரவே ஊறவைத்து, இட்லி மாவு போலப் பொங்கப் பொங்க அரை. அந்தக் கொழகொழப்புதான் பசை. அதன் கசப்புக்குப் பூச்சி எளிதில் அண்டாது என்பது பெரியவர்கள் கணக்கு. சிலர் மைதாக் கஞ்சி சேர்ப்பார்கள். நன்றாகத்தான் ஒட்டும், ஆனால் கரப்பானுக்கும் பூஞ்சைக்கும் விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். புளியங்கொட்டைப் பசை கிடைத்தால் தாராளமாகச் சேர். கூழும் பசையும் மஞ்சளும் கட்டியில்லாமல் கலக்கும்வரை பிசை.

அச்சுக்கு வாய் அகன்று அடி குறுகிய குண்டானைக் கவிழ்த்துக்கொள். குடத்தில் போட்டால் வயிற்றுக்குக் கீழே இறங்காதே, பிறகு கழற்ற முடியாது. ஈரப்படுத்திய பழைய வேட்டித் துணியை மேலே போர்த்தி, அடியிலிருந்து விளிம்பை நோக்கி அரை விரல் தடிமனுக்கு உள்ளங்கையால் அழுத்தி அப்பு. விளிம்பு மெலிந்தால் அது முதலில் காய்ந்து சுருண்டு வெடிக்கும். அங்கே கொஞ்சம் தடிமனாகவே விடு.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இதற்கடுத்த கட்டத்தில்தான். கூழ் காயக் காயச் சுருங்கும், பாத்திரம் சுருங்காது. முழுக்கக் காயும்வரை அச்சிலேயே விட்டால் கூடை பாத்திரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு பிளந்துவிடும். முதல் நாள் நிழலில் வை. இரண்டாம் நாள், மேலே தோல் கட்டி உள்ளே இன்னும் ஈரம் இருக்கும்போது, மெல்ல ஆட்டிக் கழற்றித் துணியை உரித்துவிடு. பிறகு நிமிர்த்தி ஒரு நாள் நிழலில் வைத்து, அதற்கப்புறம்தான் வெயில். எடுத்த எடுப்பில் உச்சிவெயிலில் வைத்தால் மேற்பரப்பு மட்டும் இறுகிக் கூடை கோணும். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பார். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆரம்பிக்காதே, நான்காம் நாள் பச்சைப் பூஞ்சை பூத்துவிடும். இப்போது மாசி, சரியான பருவம்.

விரிசல் விட்டால் வெறும் கூழை அடைக்காதே, அது தனியாகச் சுருங்கிப் பெயர்ந்து வரும். விரிசலின் ஓரங்களை வெந்தயப் பசையால் ஈரமாக்கி, மெல்லிய பூச்சாக இரண்டு முறை, இடையில் ஒரு நாள் காயவிட்டுப் பூசு. கடைசியில் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைத் தாள் ஒட்டி, காவியும் அரிசிமாவும் கொண்டு கோலம் போடலாம். உன் கை கோலத்துக்குப் பழகிய கை, கூடையின் வளைவு மட்டும் புதிது. புள்ளிகளை அடியில் நடுவிலிருந்து தொடங்கு.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். செய்தித்தாளில் உணவைப் பொதியாதீர்கள் என்று 2016இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது, அச்சு மை உணவில் கலக்கும் என்பதால். அந்தக் காலத்தில் இதில் அரிசி போட்டு வைத்தார்கள் என்பது உண்மைதான். நீ தோலோடு இருக்கும் பூண்டு, வெங்காயம், நூல்கண்டு, கோலமாவு டப்பா இவற்றுக்கு வைத்துக்கொள். தண்ணீர் காட்டாதே, காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

ஓட்டை விழுந்த முறத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்கும் இதே கூழ்தான், வெந்தயத்தை மட்டும் இரட்டிப்பாக்கிக்கொள். முறத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுப் பின்பக்கம் மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்த பிறகு இன்னொன்று. பின்னலின் இடுக்குக்குள் விரலால் அழுத்தித் திணிக்க வேண்டும், மேலோடு தடவினால் இரண்டு புடைப்பிலேயே பெயர்ந்துவிடும். ஆனால் அதை இனி குப்பை அள்ள மட்டும் வைத்துக்கொள், அரிசி புடைக்க வேறு முறம் வாங்கிக்கொள்.

உன் குண்டானின் வாய் எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது. பத்துக்கு மேல் என்றால் அரைக் கிலோ தாள் போதாது, முக்கால் கிலோவாக ஊறப்போடு.

அன்புடன்,
சாரதா